ஆறாம் நாள் தலைவி

பதுளை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஹம்ஸியாவுக்கு வேலை கிடைத்தபோது ஊரில் பாதிப்பேர் முகம் சுளித்தார்கள். மீதிப்பேர், இனிக் கொழும்புக்கு ட்ரங்க் கோல் சீக்கிரம் கிடைக்கும் என்ற நினைப்பில் சலாம் சொல்லத் தொடங்கினார்கள். இரண்டு கூட்டத்தையும் அவள் ஒன்றாகத்தான் நடத்தினாள். யார் முதலில் கேட்டாரோ அவருக்கு முதல் கோல்.

அந்த வேலையில் ஓர் ஒழுங்கு உண்டு. கோல் கேட்பவர் டெலிபோன் இலக்கத்தைச் சொன்னதும் அதை அவருக்கே திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் "சரி" என்ற பிறகுதான் இணைப்புக் கொடுக்கலாம். நாள் முழுக்க இதைச் செய்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அங்கே கூடப்பிறந்த நானாமார் இருவரும் ஒருவர் பேச்சை ஒருவர் காதில் வாங்காமல் அரசியல் பேசிக் கத்திக்கொண்டிருப்பார்கள். அவர்களை எக்ஸ்சேஞ்சில் ஒரு வாரம் உட்கார வைத்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றும்.

அவளுடைய கோபம் வேறொன்றின் மேலும் இருந்தது. பதுளை, பண்டாரவளை, ஹல்துமுல்லை முஸ்லிம் பிள்ளைகள் பாடத்தை வரி பிசகாமல் ஒப்பிப்பார்கள். நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டால் தரையைப் பார்ப்பார்கள். பிறகு பையன் கடைக்கு, பெண் அடுப்படிக்கு. இருக்கிற மூளையைப் பாவிக்க ஒருவரும் இடம் கொடுக்கவில்லையே என்று பொருமிக்கொண்டிருந்தவள், எழுபத்திரண்டாம் ஆண்டு டிசம்பரில் தன் வருட லீவைப் பத்து நாள் எடுத்தாள். மத்ரஸா மண்டபத்தைக் கேட்டு வாங்கி, மேல்வகுப்புப் பிள்ளைகள் இருபது பேரைக் கூட்டினாள். அப்போது அவளுக்கு வயது இருபத்தாறு.

அங்கே பாடமும் இல்லை, பரீட்சையும் இல்லை. காலையில் வாசிப்பு, பிறகு விவாதம். விவாதத்துக்கு எக்ஸ்சேஞ்சின் சட்டம்: எதிராளி சொன்னதை அவரே "சரி" என்னும்படி திருப்பிச் சொல்லாமல் மறுத்துப் பேசக்கூடாது. நம் பிள்ளைகள் படிக்க வேண்டியது தமிழிலா சிங்களத்திலா என்ற விவாதத்தில், சிங்களம்தான் என்று நின்ற ஹல்துமுல்லை வாஹித், தமிழ்க் கட்சியின் நியாயத்தைச் சொல்லிச் சொல்லிக் கடைசியில் தானே கட்சி மாறிவிட்டான். இன்னொரு சட்டமும் உண்டு. தினம் ஒரு பிள்ளை தலைவர். யார் பேசுவது, எது முடிவு, பகல் சாப்பாட்டுக்கு மரவள்ளிக்கிழங்கை யார் அவிப்பது, எல்லாம் அவர் சொல்தான். ஹம்ஸியாவே கையை உயர்த்தி அனுமதி கேட்டுத்தான் வாய் திறப்பாள்.

வருடா வருடம் டிசம்பரில் இது நடந்தது. மூன்றாம் வருடம், ஆறாம் நாள், தலைவி காமிலா. பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைத் தலைவரும் புடைவைக் கடைக்காரருமான ஷுக்ரி ஹாஜியாரின் ஒரே மகள். தாயில்லாத பெண். மண்டபமோ ஹாஜியாரின் பொறுப்பில் இருந்தது. "ஒங்கட மகள் கதிரையில ஏறி இருந்து பொடியன்மார ஏவுறா" என்று யாரோ கடையில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். பதினொரு மணிக்கு ஹாஜியார் வந்து நின்றார். லுஹர் தொழுகைக்கு முன் மண்டபத்தைப் பூட்ட வேண்டும், இனி இது நடக்காது, காமிலா உடனே தன்னோடு வர வேண்டும் என்றார். குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஹம்ஸியாவின் நாக்கு நுனியில் பதில்கள் நின்றன. மூன்று வருடமாகச் சேர்த்து வைத்த பதில்கள். இப்போது பேசாவிட்டால் எல்லாம் போய்விடும் என்பதும் தெரியும். பிள்ளைகள் அத்தனை பேரும் அவளைத்தான் பார்த்தார்கள். அவள் கையை உயர்த்தினாள்.

காமிலாவின் முகம் வெளிறியிருந்தது. "ராத்தா, நீங்க இருங்க. நான் பேசுறேன்" என்றாள்.

ஹம்ஸியா உட்கார்ந்தாள். வாழ்க்கையில் அவள் செய்த ஆகக் கஷ்டமான காரியம் அதுதான் என்பேன். பேசத் தெரிந்தவர்கள் ஊரில் நிறையப் பேர். பேச வேண்டிய இடத்தை இன்னொருத்திக்கு விட்டுக் கொடுத்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

காமிலா சட்டப்படியே, வாப்பா வாய்விட்டுச் சொல்லாததையும் அவர் பக்கம் நின்று சொல்லத் தொடங்கினாள். பெண் பிள்ளை ஆண்கள் முன்னால் தலைமை தாங்குவது வழக்கமில்லை. நாளைக்குக் கலியாணம் பேசி வருபவர்கள் இதைச் சொல்லிக் காட்டுவார்கள். கடைக்கு வருபவர்கள் சிரிப்பார்கள். "சரியா வாப்பா?" என்று கேட்டாள்.

ஹாஜியார் "சரி" என்னாமல் வாசல் பக்கம் திரும்பினார்.

காமிலா கொஞ்சம் யோசித்தாள். "உம்மா இருந்தா இப்பிடி உட்டிருப்பாவா எண்டு ஊர் கேக்கும். அதுக்கு ஒங்கக்கிட்ட பதில் இல்ல. அதுதான் ஒங்கட பயம்."

"சரி" என்றார் ஹாஜியார்.

இனி அவள் மறுக்கலாம். வாப்பாவைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"மறுத்துச் சொல்ல என்கிட்ட ஒண்டும் இல்ல வாப்பா. ஒங்கட பயம் நியாயம்தான். ஆனா எனக்கு இது வேணும்."

சட்டப்படி அவள் தோற்றுவிட்டாள். மண்டபமும் போச்சு, இவள் படிப்பும் போச்சு என்று ஹம்ஸியா நினைத்தாள்.

ஹாஜியார் பக்கத்தில் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். ஹம்ஸியாவின் பக்கம் திரும்பிப் பேசினார்.

"எல்லாம் சரியாத்தான் சொன்னா. ஒண்ட உட்டுட்டா, அது அவளுக்குத் தெரியாது. கலியாணம் முடிச்ச வருசம் அவட உம்மா எஸ்.எஸ்.ஸி. சோதனை எழுத ஆசப்பட்டா. இவளப் போலத்தான், காரணம் ஒண்டும் சொல்லல்ல. எனக்கு வேணும் எண்டு மட்டும் கேட்டா. நான் எழுத உடல்ல."

அவர் எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டு வாசல் வரை போனார். அங்கே நின்று, இன்றைக்கு எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்டார். ஹம்ஸியாவிடம் அல்ல, மகளிடம்.

"அஞ்சரைக்கு, வாப்பா."

"நான் வந்து வெளிய நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார்.