வறண்ட ஆற்றில் மழைக்காக ஜெபித்தோம்

இதை எழுத நான்கு வருடமாக எனக்குக் கை வரவில்லை. தப்பு என்னுடையது.

பேத்தமங்களாவுக்கு வடக்கே காட்டு மலையிலிருந்து ஒரு சிற்றாறு இறங்குகிறது. அந்த வருடம் அதில் வெறும் மணல்தான். தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸிலிருந்து, நானும் என் மனைவியுமாக எங்கள் சபையார் பத்துப் பேர் போய், அந்த மணலிலேயே முழங்காலிட்டு மழைக்காக ஜெபித்தோம். நடத்தியவன் நான்.

ஆடு மேய்க்கும் ஒரு பெண் கரையிலிருந்து கத்தினாள். “காட்டாண்ட மழை ஊத்துதுண்ணா! மேல ஏறுங்க!”

எங்கள் தலைக்கு மேல் சுள்ளென்று வெயில். “சும்மா இரும்மா, ஜெபம் நடக்குது” என்று அதட்டினேன்.

“கரைல கும்புட்டா இன்னா, சாமிக்குக் கேக்காதா?”

நான் கண்ணைத் திறக்கவில்லை. முழங்காலில் ஈரம் பட்டதும், ஆண்டவர் கேட்டுவிட்டார் என்று “அல்லேலூயா” சொன்னேன். கண் திறந்தால், மரக்கிளைகளைப் புரட்டிக்கொண்டு செந்தண்ணீர் வருகிறது. ஓடிக் கரையேறித் திரும்பிப் பார்த்தேன். என் மனைவி கால் மரத்துப்போய் அங்கேயே கிடந்தாள். அந்தப் பெண்தான் இறங்கி அவளை இழுத்து வந்தாள். நான் கரையிலேயே நின்றேன்.

ஜெபம் காப்பாற்றியது என்று சபையில் இதைச் சாட்சி சொல்கிறார்கள். ஆண்டவர் அந்த ஆட்டுக்காரப் பெண் வாயால் கூப்பிட்டார், நான் அதட்டினேன். யாருக்குச் சொன்னாலும் நான் அதட்டியதை விட்டுவிடாமல், நடந்தபடியே சொல்லுங்கள்.