கோ என்று கேட்டது

மோட்டார் சைக்கிளைப் பட்டறையில் விட்டுவிட்டுப் பகாவ் டவுன் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். தண்டவாளத்துக்கு மேலே போகும் பாலத்தில் பாதி ஏறும்போது கீழே ரயில் ஊதியது. கார்கள் ஒன்றுகூட வேகத்தைக் குறைக்கவில்லை. எதற்குக் குறைக்க வேண்டும்? நான்தான் நின்றேன். நின்று இரண்டு பக்கமும் வேறு பார்த்தேன்.

கீழிருந்து வந்த டீசல் வாடை, ராமையா அண்ணனின் லாரி வாடை. எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி. நான் அதில் கெலிண்டான், அதாவது ஓட்டுநருக்குக் கையாள். ஆறாம் ஆண்டோடு படிப்பை விட்டு, தோட்டம் தோட்டமாகச் சுற்றி, எந்த வேலையிலும் மூன்று மாதம் தாண்டாதவன். அப்போது இங்கே பாலமும் இல்லை, ரயில்வே கேட்டும் இல்லை. மரங்கள் தண்டவாளம் வரை நெருங்கி நிற்கும். அண்ணன் லாரியை நிறுத்தி, ரேடியோவை அணைத்து, கண்ணாடியை இறக்குவார். நான் இறங்கி ஓடி, தண்டவாளத்தைத் தாண்டி நின்று, இரு பக்கமும் பார்த்துக் கையசைக்க வேண்டும்.

"என் உயிரு ஒன் கையிலடா" என்பார். அந்தக் கையில் பெரும்பாலும் ஒரு பிஸ்கட் இருக்கும்.

ஒரு மழை நாள். பார்த்தேன், ஒன்றும் இல்லை, கையசைத்தேன். முன் சக்கரம் தண்டவாளத்தில் ஏறியபோதுதான் வளைவில் ரயில் விளக்கு தெரிந்தது. வண்டியைப் பின்னால் எடுப்பதை இங்கே எல்லாரும் கோஸ்தான் என்போம். "கோஸ்தான்! அண்ணே, கோஸ்தான்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். லாரி ஒரே பாய்ச்சலில் முன்னால் வந்தது. நான் பள்ளத்தில் விழுந்தேன். லாரிக்குப் பின்னால் ஒரு கை அகலத்தில் ரயில் போனது.

அண்ணன் இறங்கி வந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

"நல்ல வேள, கோ, முன்னால போன்னு கத்துன. கோஸ்தான் எடுத்திருந்தா கியர் மாட்டி அங்கயே செத்திருப்பேன் லா. வேல பாக்க வைக்கிற மண்டோர்கிட்ட சொல்லி ஒனக்கு லைசன் எடுக்க வைக்கிறேன்."

பேசாமல் இருந்திருக்கலாம்.

"அண்ணே, நான் கோஸ்தான்னுதான் கத்துனேன். மழையில ஒங்களுக்குப் பாதிதான் கேட்டிருக்கு."

அவர் கையை எடுத்துவிட்டார்.

"அப்ப முழுசாக் கேட்டிருந்தா?"

"போயிருப்பீங்க."

"நாளைக்கு வராத தம்பி. கோவமில்ல லா. இனிமே நீ கை காட்டுனா எனக்குக் காலு நகராது."

அந்த லாரி இப்போது இல்லை, அண்ணனும் இல்லை. ஒருவன் கையை நம்பி இன்னொருவன் வண்டி எடுக்கும் வழக்கமும் போய்விட்டது.

அவர் வராதே என்ற அன்று சாயங்காலமே பையோடு, தம்பின் என்ற ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன். மறுநாள் காலை அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் ஆள் கேட்டார்கள்.

"ஆர்டர் சொல்ல ஆள் வேணும். சத்தமாக் கத்துவியா?" என்றார் முதலாளி.

"கத்த வராது முதலாளி" என்று சொல்லிவிட்டு, பின்கட்டில் பாத்திரம் கழுவ உட்கார்ந்தேன்.