குழாயில் காற்று வந்த செய்தி

கல்லூரிகளில் பேசக் கூப்பிடுகிறார்கள். பத்திரிகை வேலையில் சேர என்ன படிக்க வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறார்கள். எதை வேண்டுமானாலும் படியுங்கள். யார் பேச்சைக் கேட்கக் கூடாது என்று மட்டும்தான் எனக்குச் சொல்லத் தெரியும்.

நான் ராஜபாளையத்துக்காரி. வீட்டில் சண்டை போட்டு ஒரு நாளிதழில் பகுதிநேர நிருபரானேன். பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டீக்கடைதான் எல்லாப் பத்திரிகை நிருபர்களுக்கும் அலுவலகம். விழா என்றால் ஒருவர் மட்டும் போவார். அவர் வாட்ஸ்அப் குழுவில் போடும் செய்தியை, முதல் வரியை மாற்றி, மற்றவர்கள் அவரவர் பத்திரிகைக்கு அனுப்புவார்கள். அவர்களில் மூத்தவர் முதல் நாளே, "நீ எதுக்கும்மா வெயில்ல அலையுத? குரூப்ல வரும், எடுத்துக்கோ" என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் குடிநீர்த் தொட்டி திறப்பு விழா நடந்தது. நானே போனேன். சிறப்பு விருந்தினர் இன்னும் காரைவிட்டே இறங்கவில்லை. அதற்குள் அவர் தொட்டியைத் திறந்துவைத்துப் பேசிய செய்தி என் போனுக்கு வந்துவிட்டது. வரவேண்டிய நிருபர், அழைப்பிதழைப் பார்த்தே எழுதிவிட்டார். 'பொதுமக்கள் மகிழ்ச்சியுடன் குடிநீர் பிடித்துச் சென்றனர்' என்பது கடைசி வரி.

விருந்தினர் வந்து குழாயைத் திருகினார். புஸ்ஸென்று காற்று வந்தது. கைதட்ட வந்தவர்கள் அதற்கும் தட்டினார்கள். காலிக்குடத்தோடு நின்ற ஒரு அக்கா, "காத்தைப் பிடிக்கவா இம்புட்டு நேரம் நின்னோம்?" என்று சத்தம் போட்டார். நடந்ததை அப்படியே எழுதி அனுப்பினேன்.

மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் தண்ணீர் வந்தது. என்னுடையதில் மட்டும் காற்று.

டீக்கடையில் மூத்தவர் காத்திருந்தார். "அப்போ நாங்க அம்புட்டு பேரும் பொய்யனா? உங்க ஆபீஸ்ல சொல்லி மறுப்பு போடு. இல்லன்னா குரூப்ல நீ கிடையாது."

விபத்து, கோர்ட், போலீஸ் என்று அத்தனை செய்தியும் அந்தக் குழுவில்தான் வரும். இரண்டு செய்தி தவறினால் எங்கள் பத்திரிகையின் மதுரை அலுவலகம் வேறு ஆளைப் போட்டுவிடும்.

"தண்ணி வரட்டும், போடுதேன் அண்ணே" என்றேன். நான் பஸ் ஏறுவதற்குள் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

அந்த வாரமே ஒரு விபத்துச் செய்தி என்னைத் தவிர எல்லோருக்கும் கிடைத்தது. அலுவலகத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "இன்னொண்ணு விட்டீங்கன்னா வேற ஆள் பாத்துக்கிடுவோம்" என்றார்கள். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஆனாலும் அந்த டீக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி என்று தினமும் நானே அலைந்தேன்.

அப்போது ஒரு போன் வந்தது. செட்டியார்பட்டியிலிருந்து ஒரு பெண். "நேர்ல வந்து பாத்து எழுதுற பொண்ணு நீதானா? எங்க தெருவுல கரண்டு கம்பி தலையில இடிக்கிற மாதிரி தொங்குது. பிள்ளைக போற வழி. சொல்லாத ஆளில்ல, ஒருத்தரும் எட்டிப் பாக்கல. நீ வாரியா?"

போனேன். கம்பிக்குக் கீழே குனிந்து போகிற பிள்ளைகளைப் படம் எடுத்தேன். மறுநாள் அது என் பத்திரிகையில் மட்டும் பெரிதாக வந்தது.

காலையிலேயே மூத்தவர் போனில் கூப்பிட்டார். "அந்தக் கம்பிச் செய்தியையும் படத்தையும் செத்த அனுப்பும்மா. எங்க ஆபீஸ்ல கேக்காவ."

"செட்டியார்பட்டிக்கு பஸ் இருக்கு அண்ணே" என்றேன்.