அடுக்களை நிலைப்படி

வீட்டைவிட்டு வெளியே செல்ல இயலாத முதியோருக்காக, உறவினர் தொலைவிலிருந்தே இயக்கிப் பேசக்கூடிய ரோபோக்களை வடிவமைப்பது என் பணி. என் மனைவி வீட்டில் தனியாக விழுந்து இறந்தபின், அவற்றில் ஒன்றைக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் முழங்கால் முடங்கி வாழும் என் அக்காவின் வீட்டில் வைத்தேன்.

ஒரு காலை கோலாலம்பூரிலிருந்து இணைந்தபோது அக்காவின் நாற்காலி காலியாக இருந்தது. அடுக்களையில் குழாய்நீர் கொட்டும் ஓசை கேட்டது. அழைத்தேன், பதில் இல்லை. ரோபோவை அங்கே செலுத்தினேன். அது நிலைப்படியில் முட்டி நின்றது. மிதிக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டு, அந்தப் படியைக் காலைத் தூக்கித் தாண்டியே பழகியவன் நான்; அதன் உயரத்தை அளக்கத் தோன்றவே இல்லை. மீண்டும் மீண்டும் மோதினேன். மனைவியைக் கண்ட அன்றும் குழாய் இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

குழாய் நின்றது. அக்கா சுவரைப் பிடித்தபடி வந்தார்.

"ஏன்டா தம்பி, வாசப்படிய ஒடச்சிருவ போலருக்கே!"

"ஏன்க்கா பதில் சொல்லல?"

"குரல் வரலடா. ஒம் பொஞ்சாதி நெனப்பு வந்திருச்சு. நான் அழுதா நீ தாங்கமாட்ட லா. இந்த மெஷின் அங்க வராதுன்னுதான் தெனமும் அங்க போய் குழாயத் தொறந்துவிட்டு அழுறேன்."

அந்தப் படிக்குச் சாய்பலகை பொருத்துவது எனக்கு அரைநாள் வேலை. இன்றுவரை பொருத்தவில்லை. அச்சம் மட்டும் நீங்கவில்லை. நாற்காலி காலியாக இருக்கும் காலைகளில், அழைக்காமல், குழாய் நிற்கும்வரை காத்திருக்கிறேன்.