பிரியாணி ஏற்றிய விமானம்

என் வீட்டுக்காரர் ஓட்டுவது குட்டியானை. துறைமுகத்துப் பக்கம் சரக்கு ஏற்றுகிற சின்ன வேன். ஆனால் மனசுக்குள் அவர் ஓட்டுவது விமானம். லோடு கிடைக்காமல் வண்டி நிற்கிற நேரமெல்லாம் செல்போனில் பைலட் வீடியோக்கள்தான். இரண்டு இன்ஜினும் நின்றுபோன விமானத்தை ஒருவர் காற்றிலேயே சறுக்கிக் கொண்டுவந்து இறக்கினாராம். அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு என் காதே புளித்துவிட்டது.

"கொரல் நடுங்குதா பாரு. டீக்கடைல டீ சொல்ற மாதிரி சொல்றாரு, இன்ஜின் நின்னுபோச்சுன்னு" என்பார்.

பைலட்டுகளுக்கு ஒரு சட்டம் இருக்கிறதாம். "மொதல்ல வண்டிய ஓட்டு. அப்பால எங்க போறதுன்னு பாரு. அதுக்கும் அப்பாலதான் பேச்சு." இதை வீட்டிலும் அமல்படுத்தினார். ஒரு நாள் மிக்ஸி புகைந்தது. நான் அலறுகிறேன், இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "பதறாத. பொகை எந்தப் பக்கத்துலருந்து வருது, அத்த சொல்லு" என்கிறார். நானே ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினேன். "நெலம கட்டுப்பாட்டுல கீது" என்று பக்கத்து வீட்டுக்கு அறிவித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

வண்டி எடுக்கும் முன்பு ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்ப்பார். டயர், ஆயில், ஹாரன், கண்ணாடி. கடைசியாக டேஷ்போர்டில், சாமி படத்துக்கு முன்னால், ஒரு எலுமிச்சம்பழம். "ஏரோப்ளேன்ல இது ஒண்ணுதான் இல்ல. அதான் வுழுது" என்பது அவருடைய ஆராய்ச்சி முடிவு.

இப்படிப்பட்டவரை நம்பித்தான் என் தங்கை நிச்சயதார்த்தத்துக்கு பிரியாணியை ஏற்றினோம். மாப்பிள்ளை வீடு எண்ணூர், மண்டபமும் அங்கேயே. சமையல் எங்கள் காலடிப்பேட்டையில். தங்கை அந்தப் பையனைத்தான் கட்டுவேன் என்று பிடிவாதமாக இருந்தாள். பையனின் அப்பாவோ எதிலும் நொட்டை சொல்கிற ஆள். தாம்பூலப் பையைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "சாப்பாட்ல மட்டும் கொற வெச்சீங்க, பேச்சு வேற மாதிரி பூடும்" என்று முதலிலேயே சொல்லியிருந்தார். மொத்தக் கூட்டத்துக்கும் சாப்பாடு, பெரிய அண்டா மாதிரியான அந்த ஒரு தேக்சா பிரியாணிதான். அது போய்ச் சேராவிட்டால் என் தங்கை கதி என்ன?

தேக்சாவைப் பின்னால் கயிறு போட்டுக் கட்டி, நான் முன் சீட்டில் திரும்பி உட்கார்ந்து, பின் கண்ணாடி வழியாக அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். எண்ணூர் ரோட்டில் வழக்கம்போல கன்டெய்னர் லாரி வரிசை. ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டது. பிரியாணி தம் உடைந்ததா என்று நான் பின்னால் பார்த்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் ஒரு குரல் கேட்டது.

"பயணிங்களுக்கு ஒரு சின்ன சேதி. பிரேக் புடிக்கல."

திரும்பினேன். முன்னால் கன்டெய்னர் லாரியின் பின்பக்கம் பெரிதாகிக்கொண்டே வந்தது. இவர் பிரேக்கை மிதிக்கிறார், அது இறங்கவே மாட்டேன் என்கிறது.

"இன்னாய்யா சொல்ற? கைபிரேக்கப் போடுய்யா" என்று கத்தினேன்.

அவர் சட்டத்தில் பேச்சு மூன்றாவதுதானே. கியரைக் குறைத்தார். வண்டி உறுமியது. ஹாரனில் கையை வைத்தபடி, லாரிக்கும் ஒரு தண்ணி டேங்கருக்கும் நடுவிலிருந்த சந்தில் புகுந்தார். பிறகு கைபிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார். ரோட்டோரம் யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த மணல் குவியலில் வண்டி மெதுவாக மூக்கைச் செருகி நின்றது. தேக்சா மூடி ஒரு தடவை எழுந்து உட்கார்ந்தது. பிரியாணி ஒரு பருக்கை சிந்தவில்லை.

"நம்ம விமானம் தரையிறங்கிச்சு" என்றார். குரல் நடுங்கவில்லை. அந்த நேரத்தில் அவரைப் பார்த்து எனக்கு உண்மையாகவே பெருமையாக இருந்தது. சொன்னால் தலைக்கு ஏறிவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அப்போதுதான் அவர் காலடியிலிருந்து என்னவோ உருண்டு வந்து என் செருப்பில் முட்டியது. எலுமிச்சம்பழம். ஒரு பக்கம் நசுங்கி, பிரேக் பெடலின் கோடு கோடான அச்சோடு. பள்ளத்தில் விழுந்தபோது டேஷ்போர்டிலிருந்து உருண்டு நேராகப் போய் பிரேக்குக்கு அடியில் குந்தியிருக்கிறது.

சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் இறங்கிப்போய், தேக்சாவின் கயிற்றை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பழத்தைக் கைப்பைக்குள் போட்டேன். ஏறி வந்து மிதித்துப் பார்த்தார். பிரேக் புதுசு மாதிரி பிடித்தது.

மண்டபத்தில் மாப்பிள்ளையின் அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். "இம்மா நேரமா?" என்றார். என் வீட்டுக்காரர் தரையிறங்கிய கதையை ஆரம்பித்தார். மாப்பிள்ளையின் மெக்கானிக் சித்தப்பா, பட்டு வேட்டியோடு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒயுங்காத்தான் கீது. எப்டிப் புடிக்காம போச்சுன்னே தெர்ல" என்று எழுந்தார். மாப்பிள்ளையின் அப்பா என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். "உயிரக் குட்த்து பிரியாணிய காப்பாத்திக்கீறாரு. இவுரு சகலையா கெடிக்கிறதுக்கு எம்புள்ள குட்த்து வெச்சிருக்கணும்" என்றார். அன்றைக்குத் தாம்பூலப் பையை அவர் திருப்பியே பார்க்கவில்லை. தட்டு மாற்றினார்கள். தங்கை மேடையிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். என் கைப்பையிலிருந்து எலுமிச்சை வாசனை வந்துகொண்டே இருந்தது.

திரும்பும்போது டேஷ்போர்டைப் பார்த்தவர், சட்டென்று வண்டியை ஓரங்கட்டினார்.

"பழத்தக் காணோம் பாரு. நம்ம மேல வந்தத அது வாங்கிகினு போயிடுச்சு" என்று சாமி படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்த பிறகு எப்படிச் சொல்வது?

அன்றிலிருந்து இரண்டு எலுமிச்சம்பழம் வைக்கிறார். வண்டி கிளம்பியதும் இரண்டையும் எடுத்து என் மடியில் வைத்துக்கொள்கிறேன். பெரிய பக்தை என்று ஊரெல்லாம் என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.