பவளமக்கா மினுக்காத துவக்கு

செவ்வாய்க்கிழமை கடையில் பெட்டி கட்டிக்கொண்டு நின்றபோது பவளமக்காவின் மகள் போனில் அழைத்தாள். "மாமா, அம்மா விடிய மோசம் போயிட்டா." எனக்கு அழுகை வரவில்லை. கண்ணாடிக்கு அப்பால் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்த முதலாளியைத்தான் பார்த்தேன். இவன் இருக்கிறான், அவர் போய்விட்டார். நினைவு மலருக்கு அக்காவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். எழுதுகிறேன். பழி தீர்க்கத்தான் எழுதுகிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மொன்ட்ரியாலில், வில்லரேயில் உள்ள அந்தப் பழம்பொருள் கடையில் நாங்கள் ஒன்பது வருடம் ஒன்றாக வேலை செய்தோம். விற்பனைக்கு வரும் பொருளின் நிலையைப் பார்த்து எழுதுவது அக்காவின் வேலை. ஒருநாள் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஒரு வீட்டைக் காலி செய்தபோது கிடைத்த பழைய துவக்கொன்று வந்தது. சிறு வெடித்தொப்பி வைத்துச் சுடுவது, போட்டிகளில் குறிபார்க்கச் செய்தது. ஊரில் துவக்குக்குப் பயந்து ஓடிவந்தவன் நான், தொடவில்லை. "இது ஆளைச் சுட்டதில்லை, பலகையைச் சுட்டது. பயப்பிடாமல் பிடி" என்றார் அக்கா.

எட்டுப்பட்டைக் குழல் முழுவதும் பனங்கட்டி நிறம். காலம் தானாகப் படியவைத்த அந்த நிறத்துக்குத்தான் மதிப்பு. அக்கா காய்ந்த பருத்தித் துணியைத் தவிர எதையும் அதில் பட விடவில்லை. மரப்பிடியில் மயிரளவு வெடிப்பு இருந்தது. அதை எழுதாமல் விடும்படி முதலாளி கேட்டான். அவன் போனபின் அக்கா என்னிடம் சொன்னார்: "வடிவா எழுதிறதுக்கு நானென்ன கலியாணத் தரகரே? உள்ளதைத்தான் எழுதுவன்."

வாங்குபவர் வருவதற்கு முதல்நாள், பின்னறைக்குத் தேநீரோடு போன நான் கண்டேன். முதலாளி சட்டி தேய்க்கும் கம்பிச் சுருளால் குழலை உரஞ்சிக்கொண்டிருந்தான். பளபளத்தால் நல்ல விலை வரும் என்று அந்த மடையன் நினைத்திருக்கிறான். மறுநாள் வந்தவர் வெள்ளையாய் மின்னிய குழலைப் பார்த்து, "யார் இதைக் கொன்றது?" என்று கேட்டார். முதலாளி அக்காவைக் காட்டினான். "இவர்கள் வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கு மினுக்குகிறவர்கள். இதையும் மினுக்கிவிட்டாள்." தைப்பொங்கலுக்கு அக்கா வீட்டில் சாப்பிட்டபோது அவன் பார்த்த குத்துவிளக்கு அது. சாப்பிட்ட வீட்டிலிருந்தே பொய்க்குச் சாட்சி எடுத்தான்.

அக்கா என்னைப் பார்த்தார். மனைவியை ஊரிலிருந்து இங்கே கூப்பிடும் பத்திரத்துக்கு எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. நான் குனிந்து பெட்டியைக் கட்டினேன். அன்றே அவரை வேலையிலிருந்து நிற்பாட்டினான். கதவடியில், "உனக்கு வேலை வேணும், எனக்கு விளங்குது. ஆனா கண்டதை மறந்துபோகாதை" என்றார். பிறகு மொன்ட்ரியால்-நோரில் குழந்தைகளைப் பார்க்கும் கார்டெரி ஒன்றில் சமைத்தார். கோயிலில் 'துவக்கு மினுக்கின பவளம்' என்று பகிடி பண்ணியவர்களே, நீங்களும் இதை வாசியுங்கள்.

செத்தவீட்டில் தலைமாட்டில் இருந்த குத்துவிளக்கு கறுத்துப்போயிருந்தது. "அண்டைக்குப் பிறகு அம்மா அதை மினுக்கவேயில்லை, மாமா. நான் மினுக்கட்டோ?" என்று மகள் கேட்டாள். "வேண்டாம், அவன் பாக்கட்டும்" என்றேன். பெரிய மலர்வளையத்தோடு வந்த முதலாளியை அந்த விளக்குக்கு எதிரே இருத்தினேன். கண்டதைப் பிரெஞ்சில் அவனுக்கும், தமிழில் மற்ற எல்லோருக்கும் சொன்னேன். அவன் எழும்பிப் போனான். யாரும் வழியனுப்பவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை ஒளிக்க மாட்டேன். ஆனால் அக்கா கேட்கவில்லையே.

அக்கா கடையை விட்டுப் போனபின் அவர் மேசையும் பொருளின் நிலை எழுதும் வேலையும் என்னிடம் வந்தன. விலைபோகாத அந்தத் துவக்கு இன்னும் கடைச் சுவரில் தொங்குகிறது. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது உள்ளதை எழுதுகிற அந்தப் பழக்கம் ஒன்றுதான், அதுவும் பிந்தி வந்தது. நேற்று ஒரு அட்டை எழுதித் துவக்கில் கட்டிவிட்டு, கடைச் சாவியை மேசையில் வைத்து, வேலையையும் விட்டுவிட்டு வந்தேன்.

"மரப்பிடியில் மயிரளவு வெடிப்பு. குழலின் நிறம் முற்றாக உரஞ்சப்பட்டது. உரஞ்சியவர், கடை முதலாளி. கண்டும் வாய் திறக்காதவன், நான்."