சீனத் துறைமுகத்தில் ஒரு சீர் லிஸ்ட்

படப்பையில் நடந்த என் கல்யாணத்தில், மாமனார் வீட்டார் சீர் சாமான்களைக் கரண்டி வரை எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். நான் என்ன திருடனா என்று அன்றைக்குக் கொதித்தேன். ஆனால் அந்தப் பழக்கம் என்னையும் தொற்றிக்கொண்டது.

எண்பதுகளில் வெளிநாட்டுச் சரக்குக் கப்பலில் சமையல்காரனாக இருந்தேன். சீனத் துறைமுகத்தை நெருங்கும்போது சுங்கப் படிவத்தில் அவரவர் உடைமைகளை எழுத வேண்டும். மற்றவர்கள் ரேடியோ, வாட்ச் என்று இரண்டு வரியில் முடித்தார்கள். நான் தாம்பரம் வீட்டுக்காக வாங்கிய டேப் ரெக்கார்டரில் தொடங்கித் தேங்காய்த் துருவி வரை எழுதினேன்.

"இன்னா மச்சான், சீர் லிஸ்ட்டா எழுதிக்கினு கீறே?" என்று சிரித்தான் என் அறைத் தோழன். கோவளத்து மீனவர் வீட்டுப் பிள்ளை அவன்.

துறைமுகத்தில் சுங்க அதிகாரிகள் கப்பலையே குடைந்தார்கள். லைஃப் ஜாக்கெட்டுகளுக்குள் கட்டுக்கட்டாகச் சிகரெட் அகப்பட்டது. ஒளித்தவன் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. கப்பலுக்கு அபராதம் போட்டதோடு, படிவத்தில் இல்லாத சாமான்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள். என்னுடையதில் ஒன்றும் போகவில்லை. தேங்காய்த் துருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்த ஓர் அதிகாரி, லிஸ்ட்டில் டிக் அடித்துக் கையில் கொடுத்தார்.

அடுத்த முறை சீனா போனபோது என் சமையலறை வாசலில் படிவத்தோடு வரிசை நின்றது. முதல் ஆள் என் அறைத் தோழன்.

"எனக்கும் எழுது மச்சான். ஒண்ணுகூட வுடாத."

லுங்கி, சீப்பு, ஊறுகாய் பாட்டில் எல்லாம் சொல்லி முடித்தான். பிறகு கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்திக் கடைசி வரியைச் சொன்னான்.

"சிகரெட் பாக்கெட்டு ஒண்ணு. உள்ள நாலுதான் கீது."